கடற்கரைக் காற்றில் ஏர் ரைஃபிள் பராமரிப்பு

கேள்வி: திருவான்மியூரில் கடலுக்கு அருகில் குடியிருக்கிறோம். 10 மீட்டர் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பயிலும் என் மகளின் ஏர் ரைஃபிளை (அழுத்தக் காற்றால் குண்டு செலுத்தும் துப்பாக்கி) உறையிலேயே வைத்திருந்தும், திருகுகளின் தலையில் பழுப்புப் புள்ளிகள் தென்படுகின்றன. எண்ணெய் இடலாமா? வீட்டில் எவ்வாறு பயில்வது?

மறுமொழி 1: ஐயா, பஞ்சு வைத்த உறை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், பயிற்சி முடிந்து வந்ததும் துப்பாக்கியை வெளியே எடுத்து, வியர்வை பட்ட இடங்களை உலர்ந்த துணியால் துடைத்து, சற்று ஆறவிட்டபின் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் பூட்டி வையுங்கள். எண்ணெய் வெளி உலோகத்துக்கு மட்டும், அதுவும் துணியில் ஒரு துளி. அழுத்தக் காற்று செல்லும் பகுதியில் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் தீப்பற்றி வெடிக்கும் அபாயம் உண்டு.

மறுமொழி 2: துப்பாக்கியின் அழுத்தக் காற்றுச் சிலிண்டரில் பொறித்துள்ள தேதியையும் பார்த்துவிடுங்கள், காலாவதியானதில் காற்று நிரப்பக் கூடாது.

மறுமொழி 3: இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 0.5 மி.மீ. விசையை இழுக்கையில் சிறிது அசைந்தாலும் குறி தவறும் என்பதால், குண்டின்றி விசையை மட்டும் இழுத்துப் பழகுவதே வீட்டுக்கு ஏற்றது. அதற்கான அமைப்பு உங்கள் துப்பாக்கியில் உள்ளதா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். பெல்லட் எனும் அதன் குண்டு நச்சுத்தன்மையுள்ள ஈயத்தால் ஆனது. கை கழுவாமல் முறுக்கு டப்பாவைத் திறக்க விடாதீர்கள்.