செய்முறை வகுப்பில் கருவி மாணவர்களிடம், குறிப்பேடு மாணவிகளிடம்: எப்படி மாற்றுவது?

கேள்வி – அறிவியல் ஆசிரியை

வணக்கம். நான் 8, 9ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். எழுத்துத் தேர்வில் என் மாணவிகள் மாணவர்களுக்குச் சற்றும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் மின்சுற்று அமைக்கும் செய்முறை வகுப்பிலோ, ரோபோ செய்யும் மன்றத்திலோ குழுவாக அமரச் செய்தால், யாரும் சொல்லாமலே கருவிகள் மாணவர்களின் கைக்கும் குறிப்பேடு மாணவிகளின் கைக்கும் போய்விடுகின்றன. பிப்ரவரி 11 அன்று, அறிவியல் துறைப் பெண்களுக்கும் சிறுமியருக்குமான பன்னாட்டு நாளைக் கொண்டாடுகிறோம்; பேச்சுப் போட்டியும் சுவரொட்டியும் தவறுவதில்லை; மறுநாள் ஆய்வகத்தில் பழைய காட்சிதான். மாணவிகளுக்கெனத் தனி மன்றம் தொடங்கலாமா என்று தலைமை ஆசிரியர் கேட்கிறார். அப்படிப் பிரிப்பது சமத்துவத்துக்கு உதவுமா, அல்லது பெண்களுக்கு அறிவியல் கடினம் என்ற எண்ணத்தையே உறுதிப்படுத்துமா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் – இயற்பியல் ஆசிரியர்

அம்மா, தனி மன்றத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன், இப்போதுள்ள வகுப்பில் வேலை பங்கிடப்படும் முறையை மாற்றிப் பாருங்கள். இணைப்பவர், அளப்பவர், பதிவு செய்பவர் எனப் பொறுப்புகளை நீங்களே எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு செய்முறைக்கும் அவற்றைச் சுழற்றுங்கள். ஆனால் மதிப்பெண் முறையை மாற்றாமல் சுழற்சியை மட்டும் கொண்டுவந்தால் அது சில வாரங்களில் பெயரளவுக்கு ஆகிவிடும். குழு முழுமைக்கும் ஒரே மதிப்பெண் என்றால், ஏற்கெனவே பழகியவரிடம் மல்டிமீட்டரை விட்டுவிடுவதுதான் பிள்ளைகளுக்கு லாபமாகத் தெரியும். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு சுற்றை இணைத்துக் காட்டவும், கோளாறுள்ள ஒரு சுற்றைச் சரிசெய்யவும் வேண்டும் என்று வையுங்கள்.

கேள்வி கேட்டபின் நாம் காத்திருக்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்ததைக் கண்டார். அதை 3 நொடிகளுக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டதோடு, அதுவரை பேசாதிருந்தவர்களும் பேசத் தொடங்கினர். முந்திக்கொண்டு குரல் கொடுப்பவர்களை வைத்தே பாடத்தை நகர்த்தும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

பதில் – கணினி அறிவியல் விரிவுரையாளர்

பிரிக்கத்தான் வேண்டுமென்றால் பாலினத்தை வைத்து அன்று, முன்பழக்கத்தை வைத்துப் பிரியுங்கள். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் இளநிலைப் படிப்பில் சேர்ந்தவர்களில் பெண்கள் 1995இல் 7 விழுக்காடு. 2000இல் 42 விழுக்காடு. சேர்க்கையில் முன்பே நிரல் எழுதிப் பழகியவர்களுக்குக் கொடுத்துவந்த முன்னுரிமையை நீக்கியதும், அனுபவத்துக்கேற்ப வெவ்வேறு தொடக்கநிலை வகுப்புகளை அமைத்ததும் இதற்கான காரணங்களில் முக்கியமானவை. வீட்டில் சிறு வயதிலேயே கணினியைக் கழற்றி மாட்டியவனை ஆசிரியரும் திறமைசாலி என்று எண்ணிவிடுகிறார். அவனருகில் முதன்முறையாக விசைப்பலகையைத் தொடும் மாணவி, தனக்கு இது வராது என்று தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறாள். இருவருக்கும் இடையே இருப்பது சில ஆண்டுப் பழக்கம் மட்டுமே. புதியவர்களுக்கென ஒரு குழுவும் பழகியவர்களுக்கென ஒரு குழுவும் வைத்தால், கூச்சப்படும் மாணவர்களுக்கும் அது பயன்படும்.

பதில் – ஒரு மாணவியின் தாய், பொறியாளர்

முந்தைய இரு கருத்துகளையும் ஏற்கிறேன். ஆனால் தனி மன்றத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம் என்பேன். ஒரே ஒரு பருவத்துக்கு, கருவிகளைக் கையாண்டு தயக்கம் நீங்கும் வரை மட்டும், தனியாக நடத்திவிட்டுப் பிறகு கலந்துவிடலாம். அதைவிட முக்கியமானது மன்றம் நடக்கும் நேரம். பள்ளி முடிந்தபின் நடத்தினால், இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டியவர்களும், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் வரமாட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் யார் என்பது தெரிந்ததே. பாடவேளைக்குள் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, 8ஆம் வகுப்பில் தொடங்குவது சற்றுத் தாமதம்தான். விஞ்ஞானி ஒருவரை வரையுமாறு குழந்தைகளிடம் கேட்கும் சோதனையை டேவிட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்டபோது, வரைந்த 4,807 பேரில் பெண்ணை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமியர். அமெரிக்காவில் நடந்த பிற்கால ஆய்வுகளில் இந்த நிலை பெரிதும் முன்னேறியிருக்கிறது. ஆனாலும் வயது ஏற ஏற ஆணை வரைவோரே மிகுதியாகிறார்கள். ஆகவே உங்கள் பள்ளியின் தொடக்க வகுப்பு ஆசிரியர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிவியல் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. தனி மதிப்பெண்ணையும் சுழற்சியையும் அடுத்த பருவத்திலிருந்து கொண்டுவருகிறேன். மன்றத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்குமாறும் கேட்கப் போகிறேன். தனி மன்றம் குறித்து இன்னும் தயக்கம் இருக்கிறது. கோளாறுள்ள சுற்றுகளுக்கு எடுத்துக்காட்டுகள் தர இயலுமா, ஐயா?

பதில் – இயற்பியல் ஆசிரியர்

இழை அறுந்த பல்பு, உறை உரிக்கப்படாத கம்பி முனை, தலைகீழாக மாட்டிய மின்கலம், பல்புடன் தொடராக இணைத்த வோல்ட்மீட்டர் ஆகியவை போதும், எதிலும் ஆபத்தில்லை. அம்மீட்டரை மின்கலத்துக்கு நேராக இணைத்து மட்டும் கொடுக்காதீர்கள், கருவி கெட்டுவிடும்.