28 பேர் போதுமா? பயோஈக்விவலன்ஸ் ஆய்வின் மாதிரி அளவு

பயிற்சிப் புள்ளியியலர்:
வணக்கம். ஒரு ஜெனரிக் மாத்திரை மூல மருந்துக்குச் சமமா என்று பார்க்கும் (பயோஈக்விவலன்ஸ்) இரண்டு கட்டக் கிராஸ்ஓவர் ஆய்வின் (ஒவ்வொருவரும் இரண்டு மருந்தையும் மாற்றி மாற்றி எடுப்பது) திட்ட ஆவணமான நெறிமுறையை எழுதிக்கொண்டிருக்கிறேன். 12 பேரைக் கொண்ட முன்னோட்ட ஆய்வில் சிமாக்ஸின் (இரத்தத்தில் மருந்து எட்டும் உச்ச அளவு) சி.வி. (ஒரே நபருக்குள் காணும் மாறுபாடு) 25 சதவீதம். அந்த உச்ச அளவில் எங்கள் மாத்திரைக்கும் மூல மருந்துக்குமான விகிதம் 0.93. விகிதம் 0.95, பவர் (சமமான மருந்து ஆய்வில் தேறும் வாய்ப்பு) 80 சதவீதம் என்று ஆர் என்ற புள்ளியியல் மென்மொழியின் பவர்டாஸ்ட் தொகுப்பில் கொடுத்தால் 28 பேர் வருகிறது. சி.வி. 30 ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் குழுவின் கவலை. ஆய்வு முடிந்தபின் பவரைக் கணக்கிட்டு அறிக்கையில் சேர்க்கவும் சொல்கிறார்கள். இது சரியா?

ஆய்வக நண்பர்:
சி.வி. 30 ஆனால் 40 பேர் தேவை. 12 பேரிடம் கிடைத்த சி.வி.யை அப்படியே நம்ப முடியாது. 80 சதவீத நம்பிக்கையில் அதன் மேல் எல்லையைப் பார்த்தால் 32 சதவீதம் வருகிறது. அதை வைத்தே திட்டமிடுங்கள்.

பழைய நெறிமுறைக்காரர்:
நண்பர் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் எல்லோருடைய கண்ணும் சி.வி. மேலேயே இருக்கிறது, எனக்குப் பயம் தருவது அந்த 0.95. முன்னோட்டத்தில் 0.93 வந்திருக்க, 0.95 எங்கிருந்து வந்தது? மென்பொருள் தானாக நிரப்பித் தரும் எண் அது. உங்கள் மாத்திரையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

28 பேருடன் இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். சி.வி. 30 ஆனால் பவர் சுமார் 65 சதவீதத்துக்கு இறங்கும். சி.வி. 25-லேயே நின்று, உண்மை விகிதம் 0.90 ஆக இருந்தாலோ பாதிக்குச் சற்று மேலேதான் மிஞ்சும். 80 சதவீதத்தை மீட்க 56 பேர் வேண்டும், அதாவது இரட்டிப்பு. சமானத்துக்கான 80.00 சதவீதம் (விகிதம் 0.80) என்ற கீழ் எல்லையை நெருங்க நெருங்க ஒவ்வொரு நூறில் ஒரு பங்குக்கும் விலை ஏறுகிறது.

ஆகவே முதலில் இரண்டு மருந்துகளின் பகுப்பாய்வுச் சான்றிதழ்களையும் (மாத்திரையில் உள்ள மருந்தின் அளவைச் சோதித்துத் தருபவை) எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆய்வுக்கு எடுக்கும் மூல மருந்தின் தொகுதியில் (ஒரே தடவையில் தயாரித்த மாத்திரைகள்), அட்டையில் எழுதிய அளவில் 102 சதவீத மருந்தும் உங்களுடையதில் 98 சதவீதமும் இருந்தால், உறிஞ்சுதல் ஒரே மாதிரி இருந்தாலும் விகிதம் 0.96-இல்தான் தொடங்கும். ஐரோப்பிய வழிகாட்டுதல் இந்த வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. மூல மருந்தின் வேறு தொகுதிகளையும் வாங்கிச் சோதித்து, உங்களுடையதற்கு நெருக்கமானதைத் தேர்ந்தெடுங்கள். பத்துப் பேரைக் கூடுதலாகச் சேர்ப்பதைவிட இதற்குச் செலவு குறைவு.

பயிற்சிப் புள்ளியியலர்:
மிக்க நன்றி ஐயா. சான்றிதழ்களை இன்றே கேட்கிறேன். ஆய்வுக்குப் பிந்தைய பவர் பற்றி?

பழைய நெறிமுறைக்காரர்:
சேர்க்காதீர்கள். விகிதத்தின் 90 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மை விகிதம் இருக்கக்கூடிய எல்லைகள்) 80.00 சதவீதத்துக்கும் 125.00 சதவீதத்துக்கும் உள்ளே முழுவதுமாக அடங்கிவிட்டால் சமானம் நிறுவப்பட்டுவிட்டது. பிறகு கணக்கிட்ட பவர் 55 என்று வந்தாலும் அந்த முடிவு மாறாது. அடங்கவில்லை என்றால் தோல்வி. பவர் குறைவு என்று எழுதி அதை வெற்றியாக்க முடியாது. சமானமில்லாத மருந்து தேறிவிடும் ஆபத்து, ஆள் எத்தனை பேரானாலும், 5 சதவீதத்தைத் தாண்டாது. நோயாளிக்கான காவல் அது. பவர் என்பது தொடங்குவதற்கு முன் நாம் போடும் திட்டம்.

ஆனால் அந்தத் திட்டத்தைச் சும்மா விட்டுவிட முடியாது. ஒரு கட்டத்துக்கு 12 முதல் 18 முறை இரத்தம் எடுக்கிறோம். அதுவும் இரண்டு கட்டம். தேறாது என்று முன்பே கணக்கில் தெரியக்கூடிய ஆய்வுக்காக நோயில்லாத ஒருவரைப் படுக்க வைப்பது எனக்கு ஒப்பாது. ஆய்வுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழுவிடம் 28 என்ற எண்ணை மட்டும் கொண்டுபோகாதீர்கள். விகிதமும் சி.வி.யும் நகரும்போது பவர் எப்படிச் சரிகிறது என்ற அட்டவணையையும் கொண்டுபோங்கள். பவர்டாஸ்டிலேயே அதற்கான கட்டளை இருக்கிறது.

ஆய்வக நண்பர்:
0.93-ஐயே வைத்துப் பார்த்தேன். சி.வி. 25-க்கே 30-களின் நடுப்பகுதிக்கு ஏறிவிடுகிறது. இடையில் விலகுபவர்களுக்கு 10 சதவீதம் விடுவதாக இருந்தால், 1.1-ஆல் பெருக்காமல் 0.9-ஆல் வகுத்து, அடுத்த இரட்டைப்படை எண்ணுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.