பொக்கெய்ரா, ட்ரெவேலெஸ் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் நான்கு நாள் நடை: எந்த ஊரில் தங்கலாம்?

கேள்வி – வழிநடையன்

வணக்கம். ஏப்ரல் மாத இறுதியில் நானும் என் அம்மாவும் தென் ஸ்பெயினின் கிரனாடா நகருக்குச் செல்கிறோம். அல்ஹம்பிரா அரண்மனையைப் பார்த்து முடித்தபின், சியரா நெவாடா மலையின் தெற்குச் சரிவில் உள்ள அல்புஹாரா பகுதியில் நான்கு நாட்கள் நடக்க விரும்புகிறோம். அம்மாவுக்கு 63 வயது. நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் நடப்பவர்தான்; ஏற்றங்களுக்கு அஞ்சமாட்டார். ஆனால் செங்குத்தான இறக்கங்களில் முழங்கால் வலிக்கிறது என்பார். கார் எடுக்கும் எண்ணம் இல்லை. ஒரே ஊரில் தங்கி நாள்தோறும் நடந்து திரும்புவது நல்லதா, அல்லது பையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக நகர்வது நல்லதா? இருவரும் சைவம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் – களத்துமேடு

ஊர் ஊராக நகர வேண்டிய தேவை இல்லை. ஊர்கள் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன. முலாசென், வெலெத்தா சிகரங்களின் பனியுருகிய நீர் சேர்ந்து ஓடும் பொக்கெய்ரா ஆற்றின் பள்ளத்தாக்கில், ஒரே சரிவில் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று வெள்ளை ஊர்கள் அமைந்திருக்கின்றன. கீழே சுமார் 1,060 மீட்டர் உயரத்தில் பம்பனெய்ரா, நடுவில் ஏறத்தாழ 1,300 மீட்டரில் புபியோன், மேலே 1,436 மீட்டரில் கப்பிலெய்ரா. கிரனாடாவிலிருந்து புறப்படும் பேருந்து லன்ஹரோன், ஒர்ஹிவா வழியாக வளைந்து வளைந்து ஏறி இம்மூன்று ஊர்களையும் இதே வரிசையில் தொடுகிறது.

நீங்கள் கப்பிலெய்ராவில் தங்குவதாக இருந்தால், பெரும்பாலான வழிகாட்டிகள் "மேலிருந்து கீழே நடந்து, பேருந்தில் திரும்புங்கள்" என்றே சொல்லும். உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை அந்த அறிவுரையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். இந்த ஊர்களை இணைப்பவை கோவேறு கழுதைகளுக்காகக் கல் பாவிய பழைய பாதைகள். தேய்ந்து வழவழப்பான அந்தக் கற்களில் இறங்கும்போதுதான் முழங்கால் கேள்வி கேட்கும். ஆகவே காலைப் பேருந்தில் பம்பனெய்ராவுக்கு இறங்கி, தேவாலயச் சதுக்கத்தில் ஒரு காப்பி குடித்துவிட்டு, புபியோன் வழியாக மெல்ல ஏறி வாருங்கள். மொத்த ஏற்றம் 380 மீட்டருக்கு மேல் இல்லை, தூரமும் குறைவு. நின்று நின்று பார்த்துக்கொண்டு வந்தாலும் மதிய உணவுக்கு வீடு சேர்ந்துவிடலாம்.

இரண்டாம் நாளுக்கு, கப்பிலெய்ராவிலிருந்து ஆற்றின் மேற்பகுதியில் உள்ள லா செபதீயா என்ற கைவிடப்பட்ட குடியிருப்பு வரை நடக்கலாம். நீர்மின் நிலையத் தொழிலாளருக்காக எழுப்பப்பட்ட ஊர் அது. இப்போது கூரை சரிந்த வீடுகளும் ஆற்றின் இரைச்சலும்தான் மிச்சம். கப்பிலெய்ராவின் கீழே பாலத்தைக் கடந்து எதிர்க்கரை வழியாகச் செல்லும் வட்டப்பாதை மிக அழகானது. கதிரடிக்கப் பயன்பட்ட வட்டக் கல்தளங்களும் பாழடைந்த பண்ணை வீடுகளும் வழியெங்கும் வரும். ஆனால் அதன் முதல் அரைமணி நேரம் முழுக்க இறக்கம். அம்மாவுக்குத் தயக்கமாக இருந்தால், ஊரின் கரையிலேயே செல்லும் மண்பாதையில் போய் அதிலேயே திரும்புங்கள்.

2,500 மீட்டரில் உள்ள பொக்கெய்ரா மலைக்குடில் வரை ஏறும் ஆசை வரலாம். ஏப்ரலில் அந்த உயரத்தில் பனி கிடக்கும். இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

பதில் – ஈரமண்

மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. தங்கும் ஊரில் மட்டும் வேறுபடுகிறேன். பொக்கெய்ராவின் மூன்று ஊர்களிலும் பகல் முழுவதும் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும். கடைவாசல்களில் தொங்கும் கம்பளங்களையும் பன்றித் தொடைகளையும் விலக்கிக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டியிருக்கும். கிழக்கே அடுத்த பள்ளத்தாக்கு ட்ரெவேலெஸ் ஆற்றினுடையது. அதன் சரிவில் லா தாஹா என்ற ஒரே நகராட்சிக்குள் பித்ரெஸ், கப்பிலெரீயா, மெசினா, மெசினீயா, ஃபொந்தாலெஸ், ஃபெர்ரெய்ரோலா, அத்தல்பெய்தார் என ஏழு சிற்றூர்கள் இருக்கின்றன. மாலையில் அங்கே கேட்பதெல்லாம் வாய்க்கால் சத்தமும் நாய்க் குரைப்பும்தான். பேருந்து நிற்கும் பித்ரெஸில் தங்கினால் நான்கு நாளும் நடந்து தீராது.

அங்கு எனக்கு மிகப் பிடித்த நடை, பித்ரெஸிலிருந்து மெசினா வழியாக ஃபொந்தாலெஸுக்கு இறங்கி, அங்கிருந்து ஃபெர்ரெய்ரோலாவுக்குச் சென்று, அத்தல்பெய்தார் வழியாகத் திரும்பும் சுற்று. ஃபொந்தாலெஸின் கீழே ஆழமான பிளவின் மேல் ஒரு பழங்காலப் பாலமும் அருகில் ஒரு பாழடைந்த ஆலையும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க மட்டும் தனியாக இறங்கி ஏற வேண்டும். ஃபெர்ரெய்ரோலாவை அடுத்து, இயற்கையாகவே சோடா போலக் குமிழியிடும் ஊற்று ஒன்று உண்டு. நீரில் இரும்புச் சுவை தூக்கலாக இருக்கும். ஊற்றைச் சுற்றியுள்ள பாறை துருவேறிச் சிவந்திருக்கும். முதல் மிடறில் முகம் சுளித்தவர்கள் இரண்டாவது முறை புட்டியை நிரப்பிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

உணவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது உலர்த்திய பன்றித் தொடைக்குப் பெயர்பெற்ற மலை. ட்ரெவேலெஸ் ஊரின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. காய்கறிச் சூப்பு என்று எழுதியிருந்தாலும் அதில் இறைச்சித் துணுக்குகள் மிதக்க வாய்ப்புண்டு. "சின் ஹமோன், சின் கார்னே" (பன்றித் தொடை இல்லாமல், இறைச்சி இல்லாமல்) என்று கேட்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கை வெங்காயம், குடைமிளகாயுடன் ஆலிவ் எண்ணெயில் மெல்ல வேகவைத்துத் தரும் "பத்தாத்தாஸ் அ லோ போப்ரே" எல்லா ஊரிலும் கிடைக்கும். நான்காம் நாள் அது அலுத்துவிடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. சமையலறை உள்ள வாடகை வீடாகப் பாருங்கள்.

கேள்வி – வழிநடையன்

இருவருக்கும் மிக்க நன்றி. பித்ரெஸ் என்றே முடிவு செய்கிறோம். பொக்கெய்ராவுக்கு ஒரு நாள் பேருந்தில் சென்று, அம்மாவின் வசதிப்படி கீழிருந்து மேலே ஏறி வருகிறோம். இன்னும் ஒரு சந்தேகம். படங்களில் இவ்வூர்களின் வீடுகள் ஓட்டுக்கூரை இல்லாமல், மொட்டை மாடியுடன், மொராக்கோவின் மலையூர்களைப் போலத் தெரிகின்றன. இது முஸ்லிம் ஆட்சிக் காலத்து அமைப்பா? பாதைகளும் அக்காலத்தவையா?

பதில் – வாய்க்கால்

ஒற்றுமை தற்செயலானது அன்று. 1492இல் முஸ்லிம் அரசான கிரனாடா கிறித்தவ அரசர்களிடம் வீழ்ந்தபின் இங்கிருந்த முஸ்லிம்கள் கிறித்தவத்துக்கு மாற்றப்பட்டு மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர். அரபு மொழியையும் உடையையும் வழக்கங்களையும் தடைசெய்து 1567இல் வந்த அரசாணைக்கு எதிராக, 1568ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அல்புஹாராவில் கிளர்ச்சி வெடித்தது. 1571இல் அது முற்றாக ஒடுக்கப்பட்டது. மொரிஸ்கோக்கள் ஸ்பெயினின் உட்பகுதியான காஸ்தீலியப் பகுதிகளுக்கு வெளியேற்றப்பட்டனர். காலியான ஊர்களில் வடக்கிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள் குடியேறினர். வந்தவர்கள் ஊர்ப்பெயரையும் மாற்றவில்லை, கூரையையும் மாற்றவில்லை. பம்பனெய்ரா, கப்பிலெய்ரா என்ற பெயர்களை ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியாவிலிருந்து வந்தவர்கள் வைத்ததாக விடுதிக்காரர்கள் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள், மொரிஸ்கோக் காலத்திலேயே அப்பெயர்கள் வழங்கின.

கூரையைத் தட்டையாக அமைக்கக் காரணம் கையருகே கிடைத்த பொருள்களே. செஸ்ட்நட் மர உத்தரங்களின் மேல் பலகையோ நாணலோ பரப்பி, அதன்மேல் பலகைக்கல் அடுக்கி, கடைசியாக "லவுனா" என்னும் சாம்பல் நிறக் களிமண்ணைக் கொட்டுவார்கள். நனைந்ததும் இறுகி நீரை உள்ளே விடாத மண் அது. தெருவின் மேல் ஒரு வீட்டின் அறை நீண்டு எதிர்வீட்டைத் தொட்டு நிற்கும் இடங்களுக்குத் "தினாவோ" என்று பெயர்; அதன் நிழலில் நிற்கும்போது, நடுத்தெருவில் ஓடும் சிறு வாய்க்காலையும் பாருங்கள்.

ஏனென்றால் நீங்கள் நடக்கப்போகும் பாதைகளில் பல, வாய்க்கால்களோடு சேர்ந்தே வளர்ந்தவை. "அசெக்கியா" என்ற ஸ்பானியச் சொல்லே அரபிலிருந்து வந்ததுதான். மலையுச்சியை ஒட்டிய சில வாய்க்கால்கள் நீரை வயலுக்குக் கொண்டுசெல்வதே இல்லை. வசந்தத்தில் உருகும் பனிநீரை, நீரை உறிஞ்சும் தன்மையுள்ள சரிவுகளில் வேண்டுமென்றே கொட்டிவிடும். "கரேயோ" எனப்படும் இந்த முறையில், நிலத்துக்குள் இறங்கிய நீர் வாரங்களோ மாதங்களோ கழித்து, பனி தீர்ந்த கோடையில், கீழேயுள்ள ஊர்களின் ஊற்றுகளில் வெளிப்படும். அணை கட்டாமல் மலையையே தேக்கமாக்கிக்கொண்ட ஏற்பாடு இது. நீங்கள் செல்லும் மாதத்தில் பனி உருகிக்கொண்டிருக்கும் என்பதால் மேல்வாய்க்கால்களில் இந்த வேலை நடக்கும் பருவம் அது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வாய்க்காலின் கரை மண்ணாலும் புல்லாலும் ஆனது. படம் எடுப்பதற்காக அதன் விளிம்பில் ஏறி நிற்காதீர்கள். மடையில் கல்லோ பலகையோ செருகியிருந்தால் தொடாதீர்கள். யாருடைய வயலுக்கோ உரிய முறைநீர் அப்போது போய்க்கொண்டிருக்கும்.

பதில் – களத்துமேடு

வழியடையாளங்களைப் பற்றி நான் சொல்லாமல் விட்டேன். வெள்ளையும் சிவப்புமாக இரண்டு கோடுகள் இருந்தால் அது நெடும்பாதை; பம்பனெய்ரா, புபியோன், பித்ரெஸ், ட்ரெவேலெஸ் வழியாகச் செல்லும் ஜி.ஆர். 7 அதுதான். வெள்ளையும் மஞ்சளும் இருந்தால் உள்ளூர்க் குறும்பாதை. இரு கோடுகள் பெருக்கல் குறியாக வெட்டிக்கொண்டால், நீங்கள் தவறான கிளையில் கால் வைத்துவிட்டீர்கள் என்று பொருள். சிற்றூர்களுக்குள் இந்த அடையாளங்கள் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு பூசும்போது அழிந்துவிடுவதுண்டு. நான் ஒருமுறை ஃபொந்தாலெஸின் தெருக்களிலேயே இருபது நிமிடம் சுற்றினேன். கடைசியில் வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் கைத்தடியை நீட்டி வழிகாட்டினார். பித்ரெஸிலிருந்து திரும்பும் பேருந்தின் நேரத்தை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும்.