‘உலர் மூழ்கல்’ வேண்டாம். ‘நீர்புகு மூச்சிடர்’ எனலாமா?

ஐயா, வணக்கம்.

பாசிக்குடாக் கடற்கரையில் வைக்கவிருக்கும் அறிவித்தல் பலகையில், நீரில் சிக்கிக் கரையேறியவருக்குப் பின்னர் சுவாசம் மோசமாவதைக் குறிக்க ‘உலர் மூழ்கல்’ (dry drowning), ‘இரண்டாம் நிலை மூழ்கல்’ (secondary drowning) ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுமாறு கேட்டிருந்தீர்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. 2002ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாமில் கூடிய உலக மாநாடு, நீரில் அமிழ்வதால் சுவாசம் பாதிக்கப்படும் நிகழ்வு முழுவதையும், ஆள் பிழைத்தாலும் இறந்தாலும், ‘மூழ்கல்’ (drowning) என்ற ஒரே பெயரால் வரையறுத்தது. அதன் வழிவந்த பரிந்துரைகள் இத்தகைய உட்பிரிவுப் பெயர்களைக் கைவிடச் சொல்கின்றன. மருத்துவம் கைவிட்ட பெயர்களை நாம் தமிழாக்கி ஊருக்குள் இறக்குவானேன்?

மேலும், ‘நீரில் மூழ்கி’ என்று தொடங்கும் செய்தி நம் பத்திரிகைகளில் பெரும்பாலும் ‘மரணம்’ என்றே முடிகிறது. அலையில் புரண்டு, இருமிக்கொண்டே எழுந்து வந்த பிள்ளையை எந்தத் தாயும் ‘மூழ்கினான்’ என்று எண்ணமாட்டாள். ‘கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டான்’ என்பாள். ஆனால், நுரையீரலுக்குள் புகுந்த நீர், சிறிதளவாயினும், காற்றறைகளைச் சுருங்கவிடாமல் காக்கும் மெல்லிய படலத்தைக் கெடுத்து, அவற்றுள் நீர்க்கசிவை உண்டாக்கி, அடுத்த சில மணித்தியாலங்களில் சுவாசத்தைப் படிப்படியாக மோசமாக்கக்கூடும்.

ஆகவே ‘நீர்புகு மூச்சிடர்’ என முன்மொழிகிறேன். (எழுவாய்த் தொடராதலால் இங்கே வல்லினம் மிகாது.) தாமதத்தைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘பிந்திய’ என்ற அடையைச் சேர்க்கலாம். ‘மூச்சுத்திணறல்’ எளிதாயிற்றே என்பீர்கள். திணறல் என்றதும் மூச்சுக்குத் தவிப்பதையே சனங்கள் எதிர்பார்ப்பார்கள். முதலில் தெரிவதோ ஓயாத இருமல், விரைவான மூச்சு, வழக்கத்துக்கு மாறான சோர்வு, தூக்கக்கலக்கம். வெயிலில் விளையாடிய களைப்பென்று பிள்ளையைப் படுக்கவிட்டுவிடுவார்கள். ‘இடர்’ என்ற சொல்லோ, 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, இடர் முகாமைத்துவம் என்ற வழக்கால் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் நன்றாகப் பழகியிருக்கிறது.

முகநூலில் சுற்றும் பயமுறுத்தல்களுக்கு நாம் துணைபோகவும் கூடாது. கரையேறியபின் எந்த அறிகுறியுமின்றி நலமாக இருந்த பிள்ளைக்கு ஒரு வாரம் கழித்து இது திடீரென வந்துவிடாது. எனவே சொல்லுக்குக் கீழே, ‘நீரில் சிக்கி மீண்டவருக்கு இருமல் நிற்காவிட்டால், மூச்சு விரைந்தால், காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள், அம்புலன்ஸுக்கு 1990’ என்ற ஒரு வரியை மட்டும் இடலாம் என்பது என் கருத்து.