ஹாஸ்டல் போனை ஸ்பீக்கர்ல போடணுமா?

ராசிபுரத்தான்:
நேத்து இன்னொரு இழையில வார்டனையா எழுதியிருந்தாரு: ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிசம், ஸ்பீக்கர் போட்டு, வார்டன் பக்கத்துல நின்னு பேசவிட்டா ஹாஸ்டல் பாதி ஜெயிச்ச மாதிரியாம். படிச்சதுலருந்து பத்திக்கிட்டு வருது. புள்ள பெத்தவகிட்டப் பேசறப்ப நடுவால உங்களுக்கு என்னங்க வேலை? அது ஹாஸ்டலா, ஜெயிலா?

வார்டனையா:
ஜெயில்னா எதுக்குங்க பீஸ் கட்டிச் சேத்துவிடறீங்க? புதுசா வந்த புள்ளைக மொதப் பதினஞ்சு நாள் அழுவும். தனியாப் பேசவிட்டா "வந்து கூட்டிட்டுப் போ"ங்கும். அம்மா ராத்திரியே காரு புடிச்சுக் கேட்டுல வந்து நிக்கும். புதன்கிழமை பாத்தா அதே பையன் கேரம் ஆடிட்டிருப்பான். ஸ்பீக்கர்ல இருந்தா அங்கயே ரெண்டு வார்த்தை சொல்லி அந்தம்மாவோட வெசனத்தைத் தீத்துருவேன். பத்துப் புள்ளைக பாதியில போனா ரூம் காலி, மெஸ் கணக்கு உதைக்கும். நடத்திப் பாத்தவனுக்குத்தான் தெரியும்.

பெருந்துறை அம்மிணி:
எம்பையன் வாராவாரம் "நல்லா இருக்கறேம்மா"ன்னுதான் சொன்னான். நோம்பிக்கு ஊட்டுக்கு வந்தப்பப் பாத்தா விரல் இடுக்கெல்லாம் சொறி. அந்த ரூம்ல எட்டுப் பேருக்கும் அதே. பக்கத்துல வார்டன் நின்னா வேறென்னங்க சொல்லுவான்?

வார்டனையா:
அது போர்வை துவைக்காத ஹாஸ்டல். ஸ்பீக்கர் என்ன பண்ணுச்சு? 2017ல ரேங்க் அறிவிக்கறதை நிறுத்தற வரைக்கும் மே மாசம் பேப்பர்ல எந்த ஊருப் புள்ளைக போட்டோ வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. நாமக்கல் பக்கம்தான். போனைக் கையில குடுத்தா வளத்தோம்?

காங்கேயம் காளை:
பதினொண்ணாவது புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு ரெண்டு வருசமும் பன்னெண்டையே உருப்போட வெச்சா மார்க் வராமப் போகுமாக்கும்? அந்தக் கூத்துனாலதான 2017-18ல பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டாந்தாங்க. நல்லா ஜெயிச்சீங்க போங்க.

வார்டனையா:
தம்பி, போன வருசம் மஞ்சள் வெலை ஏறும்னு நீங்க சொன்ன அழகை நாங்க மறக்கலை. இங்க பேச்சு ஸ்பீக்கரைப் பத்தி.

காங்கேயம் காளை:
மஞ்சளை இழுத்தது யாருங்க? நீங்க அன்னைக்கு மூட்டையை வித்துட்டு இன்னிக்கு வயிறெரிஞ்சா நான் பொறுப்பா?

கோபிக்காரி:
2014 சட்டப்படி பெண்கள், குழந்தைகள் விடுதிக்குக் கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்கோணும். உங்க ஹாஸ்டல் வாங்குச்சுங்களா ஐயா? அதைச் சொல்லுங்க மொதல்ல.

வார்டனையா:
நான் ரிட்டையர்டு ஆளுங்க அம்மிணி. ஸ்பீக்கர் கூடாதுன்னு அந்தச் சட்டத்துல எங்க இருக்குன்னு காட்டுங்க.

குன்னூர் குளிர்:
ஊட்டி பக்கத்துல லவ்டேல் லாரன்ஸ் ஸ்கூலு 1858ல ஆரம்பிச்ச போர்டிங். ஹவுஸ் ஹவுஸாப் பிரிச்சு, பாத்துக்க ஹவுஸ் மாஸ்டர். வார்டன்னா கம்பு வெச்சவர்ங்கற நெனப்பே உங்க பக்கம்தான்.

ராசிபுரத்தான்:
ஊட்டிப் பீஸ் கட்டற ஒரம்பரையெல்லாம் இங்க வந்து பேசுதுங்க. சாமி, நாங்க பண்ணையம் பாத்துப் படிக்க வெக்கறவங்க. ஊரைச் சுத்திக் கோழிப்பண்ணை, எம்மகன் ஹாஸ்டல்ல வாரத்துக்கு ரெண்டே முட்டை. அதைக்கூட ஸ்பீக்கர்ல அவன் எப்படிச் சொல்லுவான்?

கோபிக்காரி:
முட்டைதான் பெரிய கொறையாக்கும்? எம்மக சைவம். முட்டைக்குப் பதிலா வாழைப்பழம்னாங்க, பாதி நாள் அதுவும் இல்ல.

வார்டனையா:
எங்க மெஸ்ல ஞாயித்துக்கிழமை கோழிக்கொழம்பே போட்டோம். கேட்டுப் பாருங்க. முட்டை, பழம், மஞ்சள்னு எங்க சுத்துனாலும் நான் சொல்றது ஒண்ணுதான்: அஞ்சு நிமிசம், ஸ்பீக்கர், பக்கத்துல ஆளு. இதுக்கு ஒருத்தராவது ஒழுங்கா பதில் சொன்னீங்களா?

பெருந்துறை அம்மிணி:
எட்டுப் பேரு சொறிக்கு நீங்க சொல்லிட்டீங்களா?

வார்டனையா:
போர்வைன்னு மேலயே எழுதியிருக்கறேன். படிச்சுட்டு வாங்க.

காங்கேயம் காளை:
கோழிக்கொழம்புல கோழி இருந்துச்சுங்களா?