ஜோ ஃபிரேசியரை எந்தச் சண்டையில் பார்ப்பது?

புதுகிளவுஸ் எழுதியது:
குத்துச்சண்டை வீரர் ஜோ ஃபிரேசியர் 2011 நவம்பர் 7ஆம் தேதி போயிட்டார். கல்லீரல் புற்றுநோய், வயசு 67. மனசே ஆறல. எதைத் திறந்தாலும் முகமது அலி பேரைச் சொல்லித்தான் இவரைச் சொல்றாங்க. ஒலிம்பிக் தங்கம் வாங்கின மனுஷன், உலக ஹெவிவெயிட் சாம்பியன். நான் ஜூனியர்ல ஆடறேன், உயரம் கம்மி. எங்க மாஸ்டர் எப்பவும் "ஃபிரேசியர் மாதிரி உள்ள பூந்து ஆடு"ன்னுதான் கத்துவார். அவரை அவருக்காகவே பார்க்கணும்னா எந்தச் சண்டை? பெரியவங்க சொல்லுங்க.

ரிங்சைடு எழுதியது:
மணிலா, 1975ல அலியோட ஆடினது. வேற பேச்சே இல்ல. 14 ரவுண்டு முடிஞ்சு, ஜோவோட வலது கண் வீங்கி மூடியே போச்சு. அப்பவும் கடைசி ரவுண்டுக்கு எழுந்திருக்கப் பார்த்தார். கோச் எடி ஃபட்ச்தான் உட்கார வெச்சு நிறுத்தினார்.

பழையகயிறு எழுதியது:
தம்பி புதுகிளவுஸ், மணிலாவை அப்புறம் பாரு. அது ரெண்டு பேரையும் உருக்குலைச்ச சண்டை. ஜோவுக்கு இடது கண்ல முன்னாடியிருந்தே பார்வை சரியில்ல, வலதும் மூடினதும் வர்ற குத்தே தெரியல. ஃபட்ச் செஞ்சது நூத்துக்கு நூறு சரி. ஆனா நீ கேட்டது அந்த மனுஷன் யாருங்கிறது.

தெற்கு கரோலினாவுல விவசாயக் குடும்பம், நிறைய பிள்ளைங்கள்ல கடைக்குட்டி. சின்ன வயசுல பன்றி துரத்தி, விழுந்து இடது கையில அடி. டாக்டருக்குக் காசில்ல. கை தானாவே கூடிச்சு, ஆனா முழுசா நீட்ட வராது. அந்தக் கைதான் பின்னாடி உலகத்தையே பயமுறுத்தின லெஃப்ட் ஹுக், அதாவது பக்கவாட்டுல வளைச்சு அடிக்கிற இடது கைக் குத்து. ஃபிலடெல்ஃபியாவுல கறி வெட்டற தொழிற்கூடத்துல வேலை பார்த்துக்கிட்டே பழகினார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முதல்ல தேர்வானவர் பஸ்டர் மேத்திஸ். அவர் கையில அடிபட்டதால ஜோ போனார். அரையிறுதியில இடது கட்டைவிரல் உடைஞ்சுது. வெளிய சொன்னா நிறுத்திடுவாங்கன்னு வாயைத் திறக்காம இறுதிச் சுற்றும் ஆடி, நடுவர்கள் ஓட்டு 3-2ல தங்கம். எனக்கு ஃபிரேசியர்னா முதல்ல இதுதான் ஞாபகம் வரும்.

நீ பார்க்க வேண்டியது 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல அலியோட ஆடின முதல் சண்டை. ரெண்டு பேருமே அதுவரைக்கும் தோக்காதவங்க. ஆளுக்கு 25 லட்சம் டாலர், அந்தக் காலத்துல! அதோட 1973 ஜமைக்கா கிங்ஸ்டன் சண்டையையும் பாரு. ஜார்ஜ் ஃபோர்மன்கிட்ட ரெண்டே ரவுண்டுக்குள்ள ஆறு தடவை விழுந்தார். ஆறு தடவையும் எழுந்தார். தோத்த சண்டைன்னு ஒதுக்காதே.

நீலமூலை எழுதியது:
ஐயா, நான் அலி ரசிகன். ஜோ மேல மரியாதை உண்டு. ஆனா அவர் சாகற வரைக்கும் அலி மேல இருந்த கசப்பை விடலையே? அலி அவரைக் கேவலமாப் பேசினதெல்லாம் டிக்கெட் விக்கறதுக்குத்தானே?

பழையகயிறு எழுதியது:
தம்பி, அலியை எனக்கும் உயிர். ஆனா இதுல நான் ஜோ பக்கம். 1967ல அலி ராணுவத்துல சேர மாட்டேன்னதும் குத்துச்சண்டை லைசென்ஸைப் பிடுங்கினாங்களே, அப்ப அவருக்குப் பணம் குடுத்து உதவினவர் ஜோ. அவர் திரும்ப ஆடணும்னு பேசினவரும் ஜோதான். அந்த மனுஷனைப் போய் அலி வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறவன்னாரு, கொரில்லான்னாரு. பள்ளிக்கூடத்துல ஜோ பிள்ளைங்க அந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டு வளர்ந்தாங்க. அலி மன்னிப்புக் கேட்டது 2001ல, அதுவும் பத்திரிகை வழியா. 30 வருஷம்! கசப்பு இருக்காதா?

இன்னொண்ணு சொன்னா வயிறு எரியும். ஃபிலடெல்ஃபியாவுல சினிமா பாக்ஸர் ராக்கிக்குச் சிலை இருக்கு. ஜோவுக்கு அவர் உயிரோட இருந்த வரைக்கும் வைக்கல. பிராட் ஸ்ட்ரீட்ல அவர் ஜிம்முக்கு மேலயே குடியிருந்தார், தெருப்பிள்ளைங்களுக்குக் கத்துக்குடுத்தார். அது அப்புறம் மேஜை நாற்காலி விக்கற கடையாயிடுச்சு.

புதுகிளவுஸ் எழுதியது (ஒரு வாரம் கழித்து):
இறுதிச் சடங்குக்கு அலி வந்திருந்தாராமே! பாதிரியார் ஜெஸ்ஸி ஜாக்சன் எல்லாரையும் எழுந்து கை தட்டச் சொன்னப்ப, அலி அந்த பார்க்கின்சன் நோய் நடுக்கத்தோட எழுந்து தட்டினார்னு படிச்சதும் அழுதுட்டேன்.

ஐயா, 71 சண்டை மூணு தடவை பார்த்துட்டேன். 11ஆவது ரவுண்டுல அலிக்குக் கால் தள்ளாடுது. 15ல அப்படியே மல்லாக்க விழறார். அவ்வளவு வேகமான ஆளுக்கு அந்த ஹுக் எப்படிப் பட்டுச்சு?

பழையகயிறு எழுதியது:
நானும் படிச்சேன் தம்பி. அலி வந்தது பெரிய விஷயம், மனசாரச் சொல்றேன்.

உன் கேள்விக்கு வர்றேன். அலி அப்பர்கட் (கீழயிருந்து மேல தூக்கி அடிக்கிற குத்து) போடறப்ப வலது கையைக் கீழ இறக்குவார். இதை ஃபட்ச் முன்னாடியே கவனிச்சு வெச்சிருந்தார். கை இறங்கற அதே நேரத்துல ஹுக் போடுன்னு ஜோவுக்குப் பயிற்சி. 15ஆவது ரவுண்டை மெதுவா ஓட்டிப் பாரு. அலி வலது கை இறங்குது, ஜோ இடது காலுக்கு எடையைக் கொண்டு போய்க் குனியறார், கீழயிருந்து எழும்பிக்கிட்டே அடிக்கிறார். கையை மட்டும் பார்த்தா புரியாது, இடுப்பைப் பாரு. நாளைக்கு பஞ்சிங் பேக்ல ஒவ்வொரு ஹுக்குக்கும் முன்னாடி அந்தக் குனியலைச் சேர்த்துப் பழகு. முட்டி மடங்கணும், முதுகு இல்ல. உன் உயரத்துக்கு அது சரியா வரும்.