ஆளில்லாத நேரத்தில் ஓடும் பேக்கப்: செட்டிநாட்டுத் தளங்களில் கண்டவை

இணையத் தளங்களைப் பார்த்துக்கொள்ளும் நான்கு ஊர்க்காரர்கள் மாறி மாறிச் சொல்வது இது.

காரைக்குடி, சர்வர் பராமரிப்பு:

பலகாரக் கடை, கண்டாங்கிச் சேலைக் கடை, பழைய வளவு வீட்டை ஓட்டலாக்கியவர்கள் என்று நம்ம பக்கத்துத் தளங்களில் யாரைக் கேட்டாலும் "பேக்கப் தினமும் ஓடுது" என்பார்கள். ஃபோல்டரைத் திறந்தால் தேதிவாரியாகக் கோப்புகளும் வரிசையாக இருக்கும். அங்கே தேதியை விட அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 20 பைட் என்று காட்டினால் உள்ளே ஒன்றுமில்லை. வெற்று உள்ளீட்டை ஜிசிப் என்ற கோப்புச் சுருக்கும் கட்டளை சுருக்கினால் வரும் அளவு அது.

காரணம் இதுதான். டேட்டாபேஸ் முழுவதையும் எழுதித் தரும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையின் வெளியீட்டை (டம்ப்), கட்டளைகளை இணைக்கும் பைப் வழியாக ஜிசிப்புக்கு அனுப்புகிறோம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு மாறியதால் டம்ப் தோற்றுப்போனாலும் ஜிசிப் தன் வேலையை ஒழுங்காக முடித்துவிடும். பைப்பின் கடைசிக் கட்டளை சொல்வதுதான் கணக்கு என்பதால் ஸ்கிரிப்ட் 'வெற்றி' என்று முடியும். ஸ்கிரிப்டை பாஷ் ஷெல்லில் ஓடவிட்டு, பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயிலைத் தொடக்கத்திலேயே இயக்குங்கள். ஜிசிப்பின் சோதனைக் கட்டளையை மட்டும் நம்பக் கூடாது. 20 பைட் கோப்பும் அதில் தேறிவிடும். சுருக்கத்தைப் பிரித்துக் கடைசி வரியைப் பாருங்கள். டம்ப் முழுமையாக முடிந்திருந்தால் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்ற குறிப்பு அங்கே இருக்கும். அது இல்லையென்றால் பாதியில் நின்ற கோப்பு.

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் இன்னும் இரண்டு சிக்கல்கள். கோப்பின் பெயரில் தேதி சேர்க்கச் சதவீதக் குறி போடுவோம். கையால் ஓட்டும்போது சரியாக ஓடும் அதே வரி, கிரானின் அட்டவணையான கிரான்டாபில் ஓடாது. கிரான் அந்த % குறியைப் புது வரியாக எடுத்துக்கொண்டு கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். ஒவ்வொரு % குறிக்கு முன்பும் பின்சாய்கோடு வேண்டும். அதைவிட நல்லது, தேதியை ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட்டு கிரானில் ஸ்கிரிப்டின் முழுப் பாதையை மட்டும் எழுதுவது.

அடுத்தது நேரம். கிரானில் முதலில் நிமிடம், பிறகு மணி. 30 2 * * * என்றால் இரவு இரண்டரை என்று நினைக்கிறோம். பல சர்வர்கள் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடுபவை. நமக்கு அது காலை 8 மணி. ஆர்டர் வரும் நேரத்தில் தளம் திணறும். இந்திய நேரம் இரவு 2.30க்கு ஓட வேண்டுமென்றால் 0 21 * * * என்று எழுதுங்கள்.

தேவகோட்டை, வேர்ட்பிரஸ் தளங்கள்:

வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் பிளகின் (கூட்டுச் செயலி) வைத்து பேக்கப் எடுப்பவர்களுக்கு ஒன்று. வேர்ட்பிரஸின் உள் கிரானுக்குக் கடிகாரம் கிடையாது. யாராவது தளத்துக்கு வந்தால்தான் அது விழிக்கும். ஊர்ப்பக்கத்துச் சிறு தளத்துக்கு இரவில் யார் வருகிறார்கள்? இரவு 2 மணி வேலை, காலையில் முதல் ஆள் வந்த பிறகு தொடங்கும். ஆத்தங்குடி டைல்ஸ் தளம் மாதிரி பெரிய படங்கள் நிறைந்ததென்றால் வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழிக்கு ஹோஸ்டிங் வைத்த நேர வரம்பு முடிந்து பாதியில் செத்துவிடும். உள் கிரானை, தளத்தின் அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பில் நிறுத்திவிட்டு, ஹோஸ்டிங் பேனலின் கிரானிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒரு முறை அழையுங்கள். அந்த அழைப்பும் கட்டளை வரி வழியாக இருக்கட்டும். உலாவி வழியாகப் போனால் அதே நேர வரம்பு திரும்ப வரும்.

பேக்கப் கோப்பை, இணையத்தில் யாரும் எட்டக்கூடிய பப்ளிக் ஃபோல்டருக்குள் வைக்கவே கூடாது. பெயரை ஊகித்தவர் யாரும் வாடிக்கையாளர் பட்டியலோடு இறக்கிக்கொள்ளலாம்.

பள்ளத்தூர், டேட்டாபேஸ்:

காரைக்குடி அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான சேமிப்பு முறையான இன்னோடிபி டேபிள்களை டம்ப் எடுக்கும்போது 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' தேர்வு கட்டாயம். இல்லையென்றால் டம்ப் ஓடும் நேரம் முழுக்க டேபிள்கள் பூட்டப்பட்டிருக்கும், புக்கிங் பதியாது. பகிர்வு ஹோஸ்டிங்கில் 'பிராசஸ்' உரிமை இல்லை என்று பிழை வந்தால் 'நோ டேபிள்ஸ்பேசஸ்' சேர்த்தால் போதும். பாஸ்வேர்டைக் கட்டளையில் எழுதாமல் தனிக் கோப்பில் வைத்து அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆக்குங்கள்.

நம்ம தமிழ்த் தளங்களுக்கே உரிய ஆபத்து எழுத்துக் குறியேற்றம். பழைய தளங்களில் டேபிள் லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியேற்றம்) ஆகவும் உள்ளே தமிழ் யூடிஎஃப்-8 (எல்லா மொழிக்குமான குறியேற்றம்) ஆகவும் கிடக்கும். தளத்தில் நன்றாகத் தெரியும். புது சர்வரில் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்-8) டேபிளில் ரீஸ்டோர் செய்ததும், அதாவது நகலை மறுபடி ஏற்றியதும், எல்லாம் குப்பையாகத் தெரியும். சோதிப்பது எளிது: 'காரைக்குடி' என்று மட்டும் உள்ள ஒரு புலத்தின் எழுத்து எண்ணிக்கையை சார்‌ லெங்த்தில் கேளுங்கள். யூனிகோடில் அது 10 குறியீடுகள், 30 பைட். 10 வந்தால் நலம். 30 வந்தால் டேட்டாபேஸ் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக நினைத்துக்கொண்டிருக்கிறது. டம்ப்பை லத்தீன்1 தேர்வோடு எடுத்து, கோப்பில் உள்ள டேபிள் வரையறைகளையும் 'செட் நேம்ஸ்' வரியையும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்கி ஏற்றினால் மீளும். இதைப் பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே செய்து பார்த்துவிட வேண்டும்.

மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி டேட்டாபேஸின் புதிய டம்ப்பை மைஎஸ்கியூஎல்லில் ஏற்றும்போது முதல் வரியிலேயே பிழை வந்தால் பதற வேண்டாம். 2024 முதல் அந்த வரியில் 'சாண்ட்பாக்ஸ்' குறிப்பு ஒன்று சேர்கிறது. அந்த ஒரு வரியை நீக்கினால் ஏறிவிடும்.

கோட்டையூர், வெளி நகல்கள்:

அதே சர்வரில் பேக்கப் வைப்பது, மூலப் பத்திரத்தையும் நகலையும் ஒரே இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது போல. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

வெளியே அனுப்ப, கிளவுடுக்குக் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்குளோன் போதும். ஆனால் 'சிங்க்' வேண்டாம், 'காப்பி' போடுங்கள். இங்கே ஃபோல்டர் காலியானால் சிங்க் அங்கேயும் காலி செய்துவிடும். கூகுள் டிரைவுக்கு அனுப்புபவர்கள், சொந்தமாக உருவாக்கிய கூகுள் செயலி 'டெஸ்டிங்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் அனுமதி 7 நாளில் காலாவதியாகிவிடும். முதல் வாரம் ஒழுங்காகப் போய், எட்டாம் நாளிலிருந்து ஒன்றும் போகாது. 'புரொடக்‌ஷன்' நிலைக்கு மாற்றி மறுபடி அனுமதி கொடுக்க வேண்டும்.

பழையதை அழிப்பதிலும் வரிசை முக்கியம். 14 நாளுக்கு மேற்பட்டதை அழிக்கும் வரியைத் தனி கிரானாக வைக்காதீர்கள். பேக்கப் நின்றுபோனாலும் அழிப்பு தினமும் நடந்து, கடைசியில் நல்ல நகல் ஒன்றுகூட மிஞ்சாது. புதிய நகல் சரிபார்ப்பில் தேறினால் மட்டும் அழிக்கும்படி ஒரே ஸ்கிரிப்டில் எழுதுங்கள்.

கடையில் உள்ள கணினிக்கு நகல் இறக்குபவர்கள், அது இரவில் அணைந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். லினக்ஸில், கிரானைப் போலவே நேரத்துக்கு வேலை ஓட்டும் சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டென்ட்' போட்டால், தவறிய வேலையை மறுபடி இயங்கியதும் செய்துவிடும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிலும் தவறியதை உடனே ஓட்டும் தேர்வு இருக்கிறது, அது தானாக டிக் ஆகியிருக்காது.

காரைக்குடி, சர்வர் பராமரிப்பு:

தோல்வி மின்னஞ்சலை நம்புபவர்களுக்காக இது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்லேப் தளத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்கப்பைத் தேடினால் காலி. டம்ப் எடுக்கும் பிஜிடம்ப் கட்டளை 9.2 பதிப்பு, அவர்களது போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் 9.6 பதிப்பு என்பதால் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வி அறிவிப்புகளும், அஞ்சல் அனுப்பியவர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் போகவில்லை. அத்தனை பெரிய இடத்திலேயே இப்படி. அதனால் தலைகீழாக அமையுங்கள்: சரிபார்ப்பு வரை எல்லாம் தேறினால் மட்டும் ஸ்கிரிப்ட் வெளியே ஒரு முகவரிக்குச் சேதி அனுப்பட்டும். 25 மணி நேரமாகச் சேதி வரவில்லையென்றால் அந்த வெளிச் சேவை உங்களை எழுப்பும். ஹெல்த்செக்ஸ் போன்றவை இதற்காகவே இருக்கின்றன. சர்வரே விழுந்தாலும் இந்த முறை வேலை செய்யும்.

தேவகோட்டை, வேர்ட்பிரஸ் தளங்கள்:

ரீஸ்டோர் ஒத்திகையில் ஒரு எச்சரிக்கை. புக்கிங் தளத்தின் நகலை வேறிடத்தில் ஏற்றியதும் அதன் கிரானும் விழித்துக்கொள்ளும், விருந்தினர்களுக்கு நினைவூட்டல் அஞ்சல்கள் இரண்டாம் முறை போகும். டேட்டாபேஸை ஏற்றும் முன்பே நகலின் கான்ஃபிக் கோப்பில் கிரானை நிறுத்தி, அஞ்சல் போகும் வழியை அடைத்து, தள முகவரியையும் அங்கேயே புதிதாக எழுதிவிட்டுத்தான் திறக்க வேண்டும். பணம் வாங்கும் கேட்வே சாவிகளையும் நகலிலிருந்து எடுத்துவிடுங்கள்.